மாமாவுக்கு எந்த லேசர்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இரண்டு கட்சி உண்டாகிவிடும். பிரிட்ஜ் வாங்கலாம் என்று ஆரம்பித்து, ஒரு கதவா இரண்டு கதவா என்று சித்திரைத் திருவிழா முடியும்வரை பேசினார்கள். கடைசியில் வெயில் காலம் போன பிறகு பிரிட்ஜ் வந்தது. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில், என் மாமனாரின் இதயத்தில் துளை போட எந்த லேசர் நல்லது என்ற கேள்வி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பசுமலையில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்ததுதான் காரணம். லேசர் என்ற சொல்லை உச்சரித்துச் சம்பளம் வாங்குகிற ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. மதுரை பஸ் ஸ்டாண்ட் மாட்டுத்தாவணிக்கு மாறி, ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்த நேரம்.

மாமா பேரையூர்ப் பக்கத்துக்காரர். மானாவாரிக் காட்டை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு, இளவயதிலேயே மதுரைக்கு வந்து பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை போட்டவர். மல்லிகை, பிச்சி, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம் என்று விடியுமுன் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டை வாயைப் பிரிக்காமலே வெளியிலிருந்து கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி, "தண்ணி அடிச்சிருக்கியேப்பா" என்பார். எடை கூடப் பூவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்த ஆள் தலையைச் சொறிவார். படிப்பு குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. கோபமே வராது. எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்துச் சிரிப்பார். "பாலு பொங்குதுடா, அடுப்பை அணை" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார். அதில் என் கோபம் இன்னும் கொஞ்சம் பொங்கும்.

அவருக்கு நெஞ்சுவலி இருப்பதை நாங்கள் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து போகிறவர், வழியில் சுவரொட்டி படிக்க ஆரம்பித்தார். அரசியல் கூட்டம், சினிமா, கண்ணீர் அஞ்சலி எதையும் விடுவதில்லை. ஒரு நாள் விடிகாலை ஊரிலிருந்து வந்து இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமா ஒரு சுவரின் முன்னால் அசையாமல் நின்று படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர்.

இறங்கிப் போய் என்ன மாமா என்றேன்.

"ஒண்ணுமில்ல தாயி. நடந்தா அம்மிக்கல்லத் தூக்கி நெஞ்சுல வச்சாப்புல இருக்கு. செத்த நின்னா இறங்கிருது. சும்மா நின்னா பாக்குறவுக ஏன்னு கேப்பாகள்ல, அதான்."

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த மதுரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். பிறகு விளக்கினார். வருஷக்கணக்கான சர்க்கரையில் இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நெடுகிலும் சுருங்கிப்போய்விட்டன. பைபாஸ் செய்யலாமென்றால் ஒட்டுவதற்கு நல்ல இடம் ஒன்றுகூட இல்லை. பலூன் வைத்து விரிக்கவும் வழியில்லை. இதயத்தின் தசை சாகவில்லை. ஆனால் ரத்தம் போதாமல் ஏங்கிக்கொண்டிருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்துக்கொண்டு நாளை ஓட்டலாம். அல்லது லேசர் என்று ஒன்று வந்திருக்கிறது என்றார். இடது மார்பைத் திறந்து, துடிக்கிற இதயத்தின் சுவரில் லேசரால் இருபதோ முப்பதோ மெல்லிய துளைகள் போடுவார்கள். உள்ளறையில் இருக்கிற ரத்தம் அந்த வழியாகத் தசைக்குள் நேராகப் போகும் என்பது எதிர்பார்ப்பு.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓட்டை போட்டா ரத்தம் வெளிய பீச்சாதுங்களா?"

"வெளிப்பக்கம் விரலை வச்சுக் கொஞ்ச நேரம் அமுக்குவாங்க. அந்த வாய் மட்டும் உறைஞ்சு மூடிக்கும். உள்பக்கம் திறந்திருக்கும்."

மாமா தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "மாத்திரையோட இருந்தா மார்க்கெட்டுக்குப் போக முடியாது, அப்படித்தான?" என்றார். அவருக்கு உயிரைவிட அதுதான் கேள்வி. வீட்டில் உட்கார்ந்து மிக்ஸி சத்தம் கேட்டுக்கொண்டு இன்னும் பத்து வருஷம் இருப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பனி விலகாத வேளையில் நடந்து போய்ப் பூ மூட்டைகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

லேசர் எங்கே இருக்கிறது என்று விசாரித்ததும் சண்டை பிறந்தது. என் நாத்தனார் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் இருந்தது. அவளுக்கு இளையவன், என் கொழுந்தன், பெங்களூரில் வேலையிலிருந்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஹோல்மியம் லேசர் இருந்தது. அதோடு இரண்டு லேசர்களுக்கும் இடையிலான விஞ்ஞானப் போட்டி முடிந்து, அப்பாவை யார் வைத்துப் பார்ப்பது என்ற போட்டி ஆரம்பமானது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"மதினி, எங்க ஊர் லேசர்தான் பழசு, நெறையப் பேருக்குப் போட்டிருக்காங்களாம்," என்பாள் நாத்தனார்.

"மதினி, அக்கா சொல்றதக் கேக்காதீக. அது பீரோ மாதிரி மிஷினு. இங்க சன்ன ஒயரு, அம்புட்டு லேசா உள்ள போகுது," என்பான் கொழுந்தன்.

என் வீட்டுக்காரர் மூத்த மகன். பாங்கில் வேலை. அவர் எந்தக் கட்சி என்று கேட்டால், "நீ பாத்து சொல்லு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு மனமுவந்து கொடுத்த சுதந்திரம் இது ஒன்றுதான்.

நான் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரி நூலகத்தில் கிடைத்ததையும், மதுரை டாக்டர் நகலெடுத்துக் கொடுத்ததையும், பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கியதையும் படித்தேன். சொன்னால் தப்பாக நினைப்பார்கள். மாமாவுக்கு உடம்பு சரியில்லாத அந்த மாதங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். வருஷா வருஷம் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அதே ஹீலியம்-நியான் சிவப்புப் புள்ளியைச் சுவரில் காட்டிக் காட்டிச் சலித்துப் போயிருந்தவளுக்கு, என் பாடம் முதல்முறையாக ஒரு மனிதனின் மார்புக்குள் போவதைப் பார்க்கக் கிடைத்தது.

மாமியாரான அத்தைக்கும் நான்தான் விளக்க வேண்டும். அத்தைக்குத் தெரிந்த லேசர், திருவிழாக் கடையில் சாவிக்கொத்தோடு விற்கிற சிவப்பு விளக்கு. தியேட்டரில் கதாநாயகி முகத்தில் பையன்கள் அடிப்பார்களே, அது. "அதையவா நெஞ்சுல அடிப்பாக?" என்று பயந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். இவை எல்லாம் ஒளிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் கண்டால் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சதையில் பெரும்பகுதி தண்ணீர்தானே, பட்ட இடம் ஆவியாகி வழிவிடும். பலமாக ஒரே ஒரு அடி, கண் சிமிட்டுவதற்குள் இதயச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். சுற்றுச் சதை அதிகம் வேகாது. ஆனால் இந்த ஒளி கண்ணாடி இழைக்குள் நுழையாது. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகள் பதித்த முட்டிமுட்டியான ஒரு குழாய்க் கையை நெஞ்சுக்கு மேல் கொண்டுவந்து அடிக்க வேண்டும்.

ஹோல்மியம் அப்படியில்லை. இழை வழியாக வரும். இழையை இதயத்தின் மேல் வைத்து, சின்னச் சின்ன அடியாக அடித்துக்கொண்டே டாக்டர் கையால் உள்ளே தள்ளுவார். சுவரைக் கடக்கச் சில துடிப்புகள் ஆகும். ஒவ்வோர் அடியிலும் ஊசிமுனை அளவில் ஒரு வெடிப்பு; அதனால் பக்கத்துச் சதைக்குச் சூடும் அதிர்ச்சியும் கொஞ்சம் கூடுதல். ஆனால் இழை வளையும். எட்டாத மூலைக்கும் போகும். மிஷினும் சிறியது.

"மூணாவது ஒண்ணு இருக்கு அத்தை. எக்ஸைமர். சூடே வைக்காம, சதையோட அணு முடிச்சுகளை அவுத்துக்கிட்டே போகும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"அது எங்க இருக்கு?"

"நமக்கு எட்டுற தூரத்துல இல்ல."

"எப்பவும் நல்ல மாப்பிள்ளை அமெரிக்காவுலதான் இருப்பான்," என்று அத்தை வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் ஆஞ்சியோகிராம் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் சென்னைக்கும், பிறகு பெங்களூருக்கும் போய்வந்தோம். இரண்டு ஊர் டாக்டர்களும் நல்லவர்கள். இரண்டு பேரும் செய்யலாம் என்றார்கள். இரண்டு பேரும், வலி குறையலாம், குறையாமலும் போகலாம், ஆபரேஷனிலேயே ஆபத்தும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார்கள். எது மேல் என்று கேட்டதற்கு, தங்களிடம் இருக்கிற லேசரை உயர்த்திப் பேசினார்களே தவிர மற்றதைத் தாழ்த்திப் பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவராவது கொஞ்சம் அயோக்கியராக இருந்திருந்தால் முடிவு செய்வது சுலபம்.

கடைசியில் ஒரு சின்ன விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மாமாவின் மார்பில் ஒரு நாள் முழுக்க ஒட்டிவைத்துப் பதிவு செய்த துடிப்பில், நடுநடுவே தப்புத் தாளம் இருந்தது. துடிப்பு கெடும் சுபாவமுள்ள இதயத்தை, அது அசந்திருக்கும் நேரம் தெரியாமல் சீண்டக்கூடாது. சென்னை மிஷின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; இதயத்தின் அறை ரத்தத்தால் முழுக்க நிறைந்து, அடுத்த சுருக்கம் தொடங்குகிற அந்தக் கணத்தில் மட்டும் சுடும். அந்தக் கணத்தில் இதயம் வெளித்தூண்டலுக்கு மசியாது. அறை நிறைந்திருப்பதால், சுவரைத் தாண்டிப் போகிற மிச்ச ஒளியை உள்ளிருக்கும் ரத்தமே விழுங்கிக்கொள்ளும். எதிர்ச் சுவரில் காயம் படாது. நிறைந்த நேரம் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த லேசர். அதைப் படித்த மதியம் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்தது நினைவிருக்கிறது. சம்பளத்துக்காகக் கற்பித்த விஷயம் இம்புட்டு அழகா என்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்துச் சொன்னேன். சென்னை லேசர்தான். காரணத்தையும் சொன்னேன், படம் போட்டும் காட்டினேன்.

கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே கட்சிக்காரன் அவன். நாத்தனாருக்கும் எனக்கும் கல்யாணத்தில் கட்டின சேலை நிறத்திலிருந்தே ஆகாது. அவளாவது சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், சந்தேகப்பட்டாள். "மதினி எனக்குச் சாதகமாப் பேசுறாங்கன்னா இதுல என்னமோ இருக்கு," என்று அத்தையிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. நான் பார்த்துக்கொள்ளாமல் மாமாவை அவள் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் படம் போட்ட காகிதத்தை நாலாகக் கிழித்தேன். மாமா சிரித்தார். ஆனால் அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஒரு கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

அத்தை தீர்ப்புச் சொன்னார்கள். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீக. கொலசாமிகிட்டப் பூக்கேப்போம். அது சொல்ற எடத்துக்குப் போவோம்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒளியின் அலைநீளத்தைப் பற்றிச் சாமிக்கு அபிப்பிராயம் இருக்க முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "விடு" என்றார். நான் மாதக்கணக்காகப் படித்ததை ஒரு பூப்பொட்டலம் தீர்மானிக்கப் போகிறது என்பதில் எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தப்பான பொட்டலம் வந்தால் போகப்போவது மாமாவின் உயிர்.

ஒரு வேன் பிடித்துப் போனோம். பேரையூர் தாண்டி, பருத்திக் காடுகளுக்கு நடுவே கோயில். கூரை கிடையாது, வேப்பமரமும் நாலைந்து கல்லும்தான். எங்கள் குடும்பத்து வழக்கம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாக வாழையிலையில் மடித்து, நாரால் கட்டிச் சாமிமுன் போடுவது. எந்தப் பூவுக்கு எந்த முடிவு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கேட்கிறவர்கள் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும், சாமிக்குத் தெரியும். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்குச் செவ்வரளியும்தான் பழக்கம். அத்தை வீட்டில் குவிந்து கிடக்கிற பூவை விட்டு எங்கே போவார்கள்? வெள்ளைக்கு மல்லிகையையே மடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"பிள்ளை இல்லையா?" என்றார் பூசாரி. நாத்தனாரின் பிள்ளைகளுக்குப் பரீட்சை, சென்னையிலேயே விட்டு வந்திருந்தாள். சுற்றிலும் காடு, ஆளே இல்லை. பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருக்குக் கேக்குறமோ அவுகளே எடுக்கலாம், தப்பில்ல. கண்ண மூடிக்கங்கண்ணே," என்றார். சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம். எல்லோரும் என்றால் நானும்தான். இயற்பியல் அந்த நிமிஷத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தது.

மாமா கண்ணை மூடிக் குனிந்து கையை நீட்டினார். ஒரு பொட்டலத்தைத் தொட்டு, விட்டு, மற்றதை எடுத்தார். பூசாரி பிரித்தார். மல்லிகை.

"நான் நெனச்சது! சென்னை!" என்று நாத்தனார் கையைத் தட்டினாள்.

"என்னக்கா சொல்ற? வெள்ளை பெங்களூர்ல. எப்பவும் முதல்ல நெனைக்கிறது வெள்ளைதான். நான் பெங்களூர முதல்ல நெனச்சேன்," என்றான் கொழுந்தன்.

அத்தை விழித்தார்கள். "நான் செவப்ப சென்னைன்னு நெனச்சனே… இல்ல, பெங்களூரா?"

மனசுக்குள் நினைக்கிறோம் என்றால், எல்லோரும் ஒன்றையே நினைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த வழக்கத்தில் எத்தனை தலைமுறையாக இந்த ஓட்டை இருந்ததோ. சாமிமுன்னாலேயே அக்காவும் தம்பியும் கத்தத் தொடங்கினார்கள். பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தை ஆராய்ந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாமா மல்லிகையை உள்ளங்கையில் வைத்தபடி, ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகப் பேசினார். "போதும். மருமக என்ன சொல்லுதோ அந்த எடத்துக்குப் போவோம். இதுக்கு மேல பேச்சு இல்ல."

எல்லோரும் அடங்கினார்கள். சண்டை சலித்துப் போய் அவர் சொன்ன வார்த்தை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. அதுவரை நான் சொன்னது பாடம். இப்போது அது முடிவாகிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டில் அத்தை என் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள், நான் என் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? திருமங்கலம் வரும்வரை வேனில் மாமா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

சென்னையில் ஆபரேஷன் நடந்த காலையில் நாத்தனாரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தன் காபி வாங்கி வாங்கி வந்து வைத்தான், யாரும் குடிக்கவில்லை. உள்ளே அந்தப் பெரிய மிஷின் மாமாவின் இதயம் நிறைகிற நேரத்துக்குக் காத்திருந்து காத்திருந்து சுட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு துளைக்கும் யாரோ ஒருவர் விரலை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார். நாத்தனார் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நீங்க தப்பாச் சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?" என்றாள். குத்திக்காட்டவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். "மாட்டேன்" என்றேன். எனக்கே அது தெரியாது.

டாக்டர் வெளியே வந்து, துடிப்பு ஓரிடத்திலும் தடுமாறவில்லை என்றபோது, நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். சேலை நிறம் எல்லாம் அன்றோடு தீர்ந்தது. சென்னையில் அவள் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி இன்றும் எவரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

வலி உடனே போய்விடவில்லை. மதுரைக்கு வந்து சில மாதம் அவர் வீட்டில்தான் இருந்தார். பிறகு தெருமுனை, பிறகு கோயில், பிறகு பஸ் நிறுத்தம் என்று நடை நீண்டது. ஒரு விடிகாலை, சொல்லாமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான் பதறிப்போய் அதே வழியில் ஆட்டோவில் தேடிப் போனேன். ஒரு சுவர் முன்னாலும் அவர் நிற்கவில்லை. கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, ஒருவரிடம், "தண்ணி அடிச்சிருக்கியேப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்தா, பால் பொங்கி வந்துருச்சு" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

இன்னும் சில வருஷம் போனது. ஒரு விடுமுறையில் படித்துக்கொண்டிருந்தபோது மனசு துணுக்குற்றது. லேசர் போட்ட துளைகள் பெரும்பாலும் நெடுநாள் திறந்திருப்பதில்லை, அடைந்துபோகின்றன என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் வலி ஏன் குறைகிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை, எங்கள் வீட்டைப் போல. காயம் பட்ட இடத்தில் புது மெல்லிய குழாய்கள் துளிர்க்கின்றன என்றது ஒரு கட்சி. வலியை உணர்கிற நரம்பு கருகிவிடுகிறது என்றது இன்னொன்று. ஆபரேஷன் நடந்தது என்ற நம்பிக்கையே பாதி வேலை செய்கிறது என்றும் சிலர். நான் இரவும் பகலும் எடைபோட்டுத் தேர்ந்தெடுத்த அந்தச் சுத்தமான துளை, எப்போதோ மூடிப்போயிருந்தது.

சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மறுநாள் மார்க்கெட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் பயந்துவிடக்கூடாதென்று, "மல்லிச் செடியக் கவாத்து பண்றாங்கள்ல மாமா, அது மாதிரி. வெட்டுன இடம் ஆறிப்போகும், ஆனா புதுசாத் துளிர்த்து வரும்ல," என்று முடித்தேன்.

"நீ என்னைக்குத் தாயி மல்லிக் காட்டுக்குள்ள கால வச்ச?" என்று சிரித்தார். "அடைஞ்சா அடையட்டும். நான் மூட்டைக்கு மூட்டை நடக்குறேன்ல. அது போதும்."

எனக்கு மனசு லேசானது. கூடவே துணிச்சலும் வந்தது. பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்குக் கோயில்ல ஆளாளுக்கு ஒண்ணு நெனச்சாங்க. நீங்க மல்லிக்கு எந்த ஊரை நெனச்சீங்க மாமா?"

அவர் மூட்டையின் வாய்க்கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஊரை எங்க நெனச்சேன். மல்லி வந்தா நீ சொல்ற எடம், அரளி வந்தா அதுக ரெண்டும் சண்டை போட்டு முடிவு பண்ற எடம்னு நெனச்சேன்."

"அப்ப சாமிதான் என் பேச்சைக் காப்பாத்தியிருக்கு," என்றேன், கேலியாக.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, வயசு பூராம் பூ யாவாரம் பண்றவன். கண்ண மூடுனாலும் எலைக்குள்ள எது மல்லி, எது அரளினு என் கைக்குத் தெரியாதா?"

என் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைப் பார்க்காதது போல மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மல்லிகை அள்ளி, வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி என் கையில் கொடுத்தார்.